ஐந்து பொத்தான் டிவி

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது என் கணவருக்குப் பேச்சும் போய்விட்டது. “தண்ணி” என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் தண்ணி, வலித்தாலும் தண்ணி. பூதலூர் பக்கம் ஒன்பது மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்.

கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலில் எங்கள் பழைய டிவி இருந்தது. முதுகு புடைத்த பெட்டி. முகப்பில் பெரிது பெரிதாக ஐந்து பொத்தான்கள். இடது கையில் மூங்கில் குச்சியைப் பிடித்து அவற்றை அமுக்கக் கற்றுக்கொண்டார். வந்தவர்கள் அவர் காதுபடவே “இனிமே தேறாது” என்று பேசினால் சத்தத்தைக் கூட்டுவார். நான் சாப்பிட உட்கார்ந்தால் குறைப்பார். அடுப்படியில் நான் அழுதால் நிறுத்திவிடுவார். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் நடந்தது.

ஐப்பசி மழையில் ஒரு இடி. டிவி அணைந்தது அணைந்ததுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் நான்கே நாளில் புது டிவிக்கு ஏற்பாடு செய்துவிட்டான். கடைக்காரர்கள் வந்து சுவரில் மாட்டினார்கள். அதில் வெளியே தெரிகிற பொத்தானே இல்லை. ரிமோட்டில் அவர் விரல் ஒரே நேரத்தில் மூன்றை அமுக்கியது. மறுநாள் அதைத் தூக்கி எறிந்தார். அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. கஞ்சியை ஊட்டினால் கடைவாய் வழியே வழிந்தது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாள். டாக்டர், சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்தான் என்றார்.

ஓரகத்தியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பழைய டிவியை ஆட்டோவில் ஏற்றித் தஞ்சாவூர் போனேன். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கடைக்காரரும் வேண்டாம் என்று தலையசைத்தார். கடை வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்.

சாயங்காலம் வெளியே வந்து சொன்னார்: “டியூப் போயிடுச்சும்மா. இனிமே படம் வராது. சத்தம் மட்டும் வருது.”

“பொத்தான் வேலை செய்யுதாங்க?”

“செய்யுது.”

அது போதும் என்று கொண்டுவந்தேன். ஸ்டூலில் வைத்து, குச்சியைக் கையில் கொடுத்தேன். அமுக்கினார். யாரோ செய்தி வாசிக்கும் குரல் வந்தது. கறுத்த கண்ணாடியையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“படம் வராதுங்க. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

சத்தத்தைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். வீடே அதிர்ந்தது. கோபமா, சந்தோஷமா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அப்புறம் வாயைத் திறந்தார். கஞ்சி இறங்கியது.

தை மாதம், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது மறுபடி ஒருமுறை தாக்கியது. இந்த முறை இடது கை. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. பழைய பெட்டியை இனியாவது எடுத்துவிடச் சொல்லி மகன் போனில் கேட்கிறான். பெட்டி ஸ்டூலிலேயே இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது ஒரு வழியும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.