மல்லாட்டையில் ஒட்டிக்கொண்ட இரண்டு பீக்குகள்

திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைச் சோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, எங்கள் எச்.பி.எல்.சி. மெஷினுக்குப் புதிய குழல் வந்தது. விரல் நீள எஃகுக் குழல். உள்ளே மாவைவிட நுண்ணிய துகள்கள். கரைசல் அதற்குள் போனால், கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு கூம்பாக எழும். அதைப் பீக் என்போம். பூஞ்சை பிடித்த மல்லாட்டையில் உண்டாகும் நஞ்சை அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

புதுக் குழல் இன்னும் நன்றாகப் பிரிக்கும் என்றார்கள். எங்களுக்கோ பழையதே தேவலை என்றாகிவிட்டது. கண்டாச்சிபுரத்து வியாபாரி ஒருவர் சோதனைக்குக் கொடுத்த மல்லாட்டை மாதிரியில் நஞ்சின் பீக்கும் பக்கத்துப் பீக்கும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக நின்றன. நஞ்சு எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை.

என்னுடன் வேலை செய்த அக்கா தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருபவர். இருவரும் கரைசலை மாற்றிப் பார்த்தோம், சூட்டைக் கூட்டிப் பார்த்தோம். மேடு அப்படியே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிமிர்ந்தார்.

"கொழல் நல்லாத்தான் பிரிக்குதுன்னு வச்சிக்கோ. பிரிஞ்சது வெளிய வந்து மறுபடியும் கலந்துக்கினு இருந்தா?"

குழலிலிருந்து, பிரிந்து வருவதை அளக்கும் டிடெக்டருக்குப் போகும் டியூப்பைப் பார்த்தோம். பழைய, பெரிய குழலுக்கென்று வந்தது. உள்துளை அகலம், நீளமும் அதிகம். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணால் பார்த்துவிட ஆசை வந்தது. குழலைக் கழற்றிவிட்டு, கேசரிப் பவுடர் கரைத்த நீரைத் துளியளவு செலுத்தினோம். டியூப்பின் முனையில் வடிதாளை நகர்த்திக்கொண்டே பிடித்தேன். ஆரஞ்சுப் பொட்டுகள் வெளுத்து வெளுத்து வால்போல நீண்டன. குட்டையான, துளை குறுகிய டியூப்பை மாட்டினோம். அடர்த்தியாகச் சில பொட்டுகள். பிறகு வெறும் தண்ணீர்.

குழலைத் திரும்பப் பொருத்தி அதே மாதிரியை ஓட்டினோம். இரண்டு பீக்குகளும் தனித்தனியாக, ஊசிபோல எழுந்தன. முடிவு கேட்க வந்து முன்னறையில் காத்திருந்த வியாபாரியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"எவ்ளோ அழகா பிரிஞ்சிருக்குது பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "இதுல எதுங்க விஷம்?"

உயரமானதைக் காட்டினேன். அவர் முகம் வாடிய பிறகுதான், நான் எதைக் காட்டிக் குதூகலித்தேன் என்பது உறைத்தது. அக்கா அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்புகளில்தான் நஞ்சு பெரும்பாலும் இருக்கும், அவற்றைப் பொறுக்கித் தள்ளிவிட்டு மறுபடி கொண்டுவாருங்கள் என்றார்.

மூட்டைகளைப் பிரித்துப் பொறுக்கவைத்து, புது மாதிரியோடு வந்தார். இம்முறை முன்னறையில் உட்காரவில்லை. எங்கள் பக்கத்திலேயே நின்று, திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வரணுங்களா அது?"

"இப்பத்தான்" என்றார் அக்கா.

கோடு லேசாக மேலெழுந்து, உடனே படிந்தது. அனுமதித்த அளவுக்குள்தான். அவர் இன்னும் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், அடுத்தது என்ன வரும் என்று கேட்டார்.