காலுக்கு வைத்த தலையணை

காலைத் தேநீர் கையில் இருக்கும்போது உடுப்பிட்டியில் இருந்து தொலைபேசி வந்தது. மங்கை அக்காவின் தங்கை மகன் பேசினான். "மாமா, பெரியம்மா மோசம் போயிட்டா." அக்கா இறந்துவிட்டார். ஐயோ என்று கூட நான் சொல்லவில்லை. என் வாயில் வந்தது வேறு: "ஆஸ்பத்திரிக்கு எப்பிடிக் கொண்டு போனனீங்கள்? கிடத்தியோ, இருத்தியோ?" "என்ன மாமா?" என்றான் அவன். துக்கம் சொல்ல எடுத்தவனிடம் இப்படிக் கேட்கிறாரே என்று நினைத்திருப்பான். உங்களில் அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மங்கையர்க்கரசி அக்கா சமுதாய மருத்துவம் படித்த டொக்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரினால் பெற்றோல் கிடைக்காமல் கார்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய நாட்களில், காயப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர். நான் அவருடைய ஆய்வு உதவியாளன். "வாசலுக்குப் பிறகு நடக்கிறதை எழுத எல்லாரும் இருக்கினம், சபா. வாசலுக்கு முன்னம் நடக்கிறதை ஆர் எழுதினது?" என்பார். ஆகவே நாங்கள் காயக்காரரைத் தூக்கி வந்தவர்களின் வீடு வீடாகப் போனோம். எதில் ஏற்றினீர்கள், எதனால் கட்டினீர்கள், கிடத்தினீர்களா, இருத்தினீர்களா என்று கேட்டோம்.

கடைசிக் கேள்வி அவருடைய சொந்த வீட்டிலிருந்து வந்தது. அவருடைய கணவர் மரக்கறி வாங்கத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்தபோது ஷெல் விழுந்தது. இரண்டு பேர் அவரைச் சைக்கிளில் நடுவே இருத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர் பின்னால் அணைத்துப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் அக்கா அந்த இருவரையும் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏன் தம்பியவை, அவரைக் கிடத்திக் கொண்டு வரேல்லை?"

அவர்களில் மூத்தவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "பலகையிலை கிடத்தினால் பிணம் கொண்டு போறமாதிரி எல்லோ, அக்கா. உயிரோடை இருக்கிற மனுசனை எப்பிடி...?"

"நீங்கள் விட்டிட்டு ஓடேல்லை. அது போதும்" என்று அக்கா சொன்னார். வெளியே வந்ததும் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நான் சைக்கிளுக்குக் காற்றுப் பார்ப்பதுபோலக் குனிந்து நின்றேன்.

அதன் பிறகு எந்த வீட்டிலும் அதே பதில்தான். இரத்தம் கொட்டுகிற ஒருவரை நிமிர்த்தி வைத்தால் மூளைக்கு இரத்தம் போய்ச் சேராது, மயங்கி இறந்துபோவார். அக்கா இதைக் கோயில் வாசலிலும் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலிலும் நின்று சொன்னார். சனம் தலையாட்டியது. அடுத்த ஷெல்லுக்கும் இருத்தித்தான் கொண்டுவந்தது. உயிருள்ளவரைப் பாடையில் ஏற்ற யாருக்குத்தான் கை வரும்?

பிறகு ஒருநாள் புத்தூருக்குப் போனோம். ஒரு வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அக்காவுக்கும் பயம்தான், ஆனால் அவர் அதை மறைக்கமாட்டார். "எனக்குப் பயமாக் கிடக்கு, சபா. உமக்கு?" "எனக்கும்தான் அக்கா." "அப்ப சரி. ரெண்டு பேரும் பயந்து பயந்தே வேலையைப் பாப்பம்." முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம். தலைக்கு மேலே சடசடவென்று சுட்டுக்கொண்டு போனது. சத்தம் தள்ளிப் போனதும் பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் ஒரு பெண் அலறுவது கேட்டது.

அவளுடைய கணவனுக்குத் தொடையில் காயம். வாய்க்கால் தண்ணீர் சிவந்துபோய்க் கிடந்தது. அக்கா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். நானும் வீட்டுக்காரரும் அறைக் கதவைக் கழற்றிக் கொண்டு ஓடினோம். கதவைக் கண்டதும் அந்தப் பெண் அதன் மேல் விழுந்து மறித்தாள். "பாடையோ கொண்டு வாறியள்? என்ரை மனுசன் சாகேல்லை!" அவனுடைய உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஹெலி திரும்பி வரும் சத்தமும் கேட்டது. பங்கருக்கு ஓடிவிடுவோமா என்று என் கால் துடித்தது.

அக்கா வீட்டுக்குள் ஓடி ஒரு தலையணையோடு வந்தார். அதைக் கதவின் கால்மாட்டில் வைத்தார். "தங்கச்சி, இஞ்சை பார். செத்தவைக்கு ஆரும் காலுக்குத் தலகணி வைக்கிறதோ? இது பாடையில்லை, படுக்கை." அந்தப் பெண் தலையணையைப் பார்த்தாள். பிறகு தானே கணவனின் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கதவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஹெலி மேலே வட்டமிட்டது. "அக்கா, மரத்துக்குக் கீழை நிப்பாட்டுவமோ?" என்று கெஞ்சினேன். "நிண்டால் உவர் செத்துப்போவார். ஓடச் சொல்லும்." என் கையை அவர் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி வரும்வரை நான் கண்ணைத் திறக்கவேயில்லை.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். நாங்கள் கூட்டம் வைத்துச் சொல்லியும் ஏறாத விஷயத்தை அவருடைய மனைவி கிணற்றடியில் சொல்லியே ஊரூராகப் பரப்பிவிட்டாள். கொஞ்சக் காலத்தில் நாங்கள் போன வீடுகளில் "காலுக்குத் தலகணி வைச்சுத்தான் கொண்டு போனனாங்கள்" என்று எங்களுக்கே சொல்லித் தந்தார்கள். அக்கா ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தொலைபேசியில் அந்தப் பிள்ளை கடைசியில் பதில் சொன்னான். "கிடத்தித்தான், மாமா. தலை சுத்தி விழுந்திட்டா. அம்புலன்ஸ் அந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை வரேலாமப் போச்சு. கதவைக் கழட்டி றோட்டுக்குக் கொண்டு போனம்."

"காலுக்கு?"

"தலகணி வைச்சனாங்கள். பெரியம்மாவே கையாலை காட்டினவ."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

செத்தவீட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது என் கண் நேரே அவருடைய காலடிக்குத்தான் போனது. அங்கே தலையணை இல்லை. அக்கா இனி இல்லை என்று என் மனம் நம்பியது அந்த இடத்தில்தான்.

பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போகவேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதுமில்லை. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும், அது கல்யாண வீடாக இருந்தாலும், எந்தக் கதவு லேசாகக் கழலும் என்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.