வாய் திறந்த கொக்கி

என் மனைவி கொக்கிகளைப் பரிசோதிக்கிறவள். ஒர்க்‌ஷாப்பில் பாரம் தூக்கும் கொக்கி, சங்கிலி, கம்பிவடம் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகும். தேறியதற்கு ஒரு பட்டை பெயிண்ட் அடிப்பாள். தேறாததை ஓரமாக ஒதுக்கிவிடுவாள். பட்டையின் நிறம் சில மாதத்துக்கு ஒருமுறை மாறும். அப்போது மஞ்சள். சாயங்காலம் குவார்ட்டர்ஸில் எனக்குக் காபி நீட்டும்போது அவள் நக இடுக்கில் அந்த மஞ்சள் ஒட்டியிருக்கும்.

அவள் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட், கம்பெனி குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான். நான் மந்தாரக்குப்பத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவன். வீட்டோடு மாப்பிள்ளை என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், வாடகை கட்டுகிறவர்களின் வயிற்றெரிச்சல் அது.

நாற்பதைத் தாண்டி எனக்கு விண்ட்சர்ஃபிங் பித்து பிடித்ததற்கும் பேட்டரிதான் காரணம். கடலூர்ப் பக்கம், ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கும் ஒரு படகு கிளப்புக்கு பேட்டரி மாட்டப் போயிருந்தேன். ஒரு பலகையில் பாயை நட்டுப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் தண்ணீர்மேல் விர்ரென்று போனான். மோட்டார் இல்லை, டீசல் இல்லை, சத்தமே இல்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

நிற்கவும் விழவும் பலகையைத் திருப்பவும் பழகிவிட்டேன். கைதான் தாங்கவில்லை. பாயைப் பிடிக்கும் குறுக்குக்கம்பியை பூம் என்பார்கள். காற்றின் இழுப்பு முழுவதும் அதன் வழியாக முழங்கையில் இறங்கும். திங்கட்கிழமை ஒரு பேட்டரியைத் தூக்க முடியாது. கற்றுத்தருகிறவள் சென்னைப் பெண், என் வயதில் பாதிதான் இருப்பாள். "கையால தொங்காதீங்க அங்கிள், இடுப்பால தொங்குங்க" என்று ஹார்னஸைக் கொடுத்தாள். அந்த அங்கிள் எனக்குப் பிடிக்காது.

ஹார்னஸ் என்பது இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட். முன்னால் ஒரு எஃகுக் கொக்கி, வாய் கீழே பார்த்து இருக்கும். பூமில் தொங்கும் கயிற்று வளையத்தை அதில் மாட்டிப் பின்னால் சாய்ந்தால், இழுப்பை உடம்பு வாங்கிக்கொள்ளும். பூமை நெஞ்சுக்கு இழுத்தால் கயிறு தளர்ந்து தானாகக் கீழே விழுந்துவிடும். சாய்ந்த பிறகு முன்கால், அப்புறம் பின்கால் என்று பலகையில் இருக்கும் பட்டைகளுக்குள் பாதத்தை நுழைக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே காலை நுழைத்தால் பாய் ஆளைத் தூக்கிக் குப்புற வீசிவிடும்.

பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் பலாமரக் கிளையில் பூமுக்குப் பதில் மூங்கிலையும் கயிற்று வளையத்தையும் கட்டித் தொங்கிப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னா சார், இந்த வயசுல மரத்துல தொங்கிகினு இருக்கீங்க?"

வேலை முடிந்து வந்த மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கொக்கியின் வாயில் விரலை விட்டாள்.

"லேட்ச் எங்க?"

கொக்கியின் வாயை மூடும் நாக்குத்தான் லேட்ச். கயிறு உள்ளே போகும், தானாக வெளியே வராது.

"இதுக்குக் கிடையாது. வாய் திறந்திருந்தாத்தான் விழும்போது கயிறு கழண்டுக்கும்."

"லேட்ச் இல்லாத கொக்கி ரிஜெக்ட்டுங்க."

அவள் அப்பா வெளியூரில் ஒரு தனியார் யார்டில் பாரம் ஏற்றும் வேலை பார்த்தவர். லேட்ச் உடைந்த கொக்கி, காற்றில் ஆடிய பாரம், கயிறு நழுவிவிட்டது. கீழே அவர் நின்றிருந்தார். அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே இதை என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அது வேற, இது வேற" என்றேன். அவள் ராத்திரி சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என் பையை அவளே அடுக்கி வைத்திருந்தாள். துண்டு, தயிர்சாதம், சுருட்டிய பெல்ட். "பாத்துப் போங்க" என்றாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். வடலூர், குள்ளஞ்சாவடி என்று பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியது. பெல்ட்டைக் கட்டி, அதன்மேல் மிதவை ஜாக்கெட்டை மாட்டினேன். ஜாக்கெட்டின் விளிம்பு கொக்கியை மறைத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் கயிற்றை மாட்டினேன். டிக் என்று ஒரு சத்தம். மரத்தில் பழகியபோது அப்படிச் சத்தம் கேட்டதில்லை. கேட்டதை யோசிக்கக் காற்று விடவில்லை. சாய்ந்தேன். முன்கால் உள்ளே, பின்கால் உள்ளே. பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. கையில் வலியே இல்லை. அந்தச் சில நிமிஷம் நான் யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாதவனாக இருந்தேன்.

படகிலிருந்து அந்தப் பெண் விசில் ஊதினாள். திரும்பு என்று அர்த்தம். எதிரே மணல்திட்டில் அலை உடைந்துகொண்டிருந்தது. பூமை நெஞ்சுக்கு இழுத்தேன். கயிறு தளர்ந்தது, விழவில்லை. மறுபடி இழுத்தேன், விழவில்லை. ஒரு கையை விட்டுக் கொக்கியைத் தடவினேன். விரலில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று பட்டது. யார் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது.

இனி நான் விழுந்தால் பாயும் நானும் சேர்ந்துதான் விழ வேண்டும். பட்டைகளிலிருந்து காலையாவது உருவிக்கொள்ளலாம் என்று பின்காலை எடுப்பதற்குள் காற்று ஓங்கி அடித்தது. பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது. பாய் முன்னால் சாய, கொக்கி என்னையும் இழுத்துக்கொண்டு போனது.

தலைக்கு மேலே பாய். ஜாக்கெட் என்னை மேலே தள்ளி, முகத்தைப் பாயோடு வைத்து அழுத்தியது. அதன் வழியாக வெயில் தெரிந்தது, மூச்சு விட இடம் இல்லை. விலகி நீந்தப் பார்த்தேன். விலக விலகக் கயிறு இறுகியது. செத்தோம் என்று நினைத்தேன். மனைவியின் முகம் வந்தது, எரிச்சலோடு. வீட்டுச் சாவிக்கொத்தை அவள் ஸ்பிரிங் கொக்கி ஒன்றில்தான் மாட்டி வைத்திருப்பாள். நான் அதை இழுத்து மல்லுக்கட்டும்போதெல்லாம் திட்டுவாள்: "இழுத்தா வராதுங்க. தளர்த்திட்டு உள்ள அமுக்குங்க."

உடம்பு முழுவதும் விலகு விலகு என்று கத்த, நான் பூமைக் கட்டிப்பிடித்து என் பக்கம் இழுத்தேன். கயிறு தளர்ந்தது. கட்டைவிரலால் தகட்டை உள்ளே அமுக்கினேன். கயிறு வெளியே வந்தது. பாயின் விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டியபோது இருமல்தான் வந்தது, மூச்சு அப்புறம்தான் வந்தது.

படகை ஓட்டி வந்த பெண் கொக்கியைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். "யாரு அங்கிள் இதை மாட்டினது?"

"நான்தான்" என்றேன். என் வீட்டுக்காரியை வெளியாள் ஒருத்தி திட்டக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

திட்டுவதற்கு நான் இருந்தேனே. வீட்டுக்கு வந்து பெல்ட்டைத் தரையில் வீசினேன். "உன் லேட்ச் என்னைக் கொன்னுருக்கும்" என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பெல்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தகட்டின் விளிம்பை, என் விரலைக் கிழிக்காதபடி, அரம் வைத்து வழவழப்பாக்கியிருந்தாள். அதை அப்போதுதான் நான் பார்த்தேன்.

"அப்பாவுக்கு விட்டுடுச்சு" என்றாள். "உங்களுக்கு விடல." அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் இனி கடலே வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவள் சீக்கிரமே வேலையிலிருந்து வந்து, ஸ்க்ரூடிரைவரால் லேட்ச்சைக் கழற்றினாள். "கட்டுங்க" என்று பெல்ட்டை நீட்டினாள். பலாமரத்தடியில் என்னைக் கயிற்றில் மாட்டவைத்து, பைக் மூடும் தார்ப்பாயைத் தலைமேல் போட்டு, மூங்கிலோடு சேர்த்து என்னைத் தரைக்கு அமுக்கினாள்.

"கழட்டுங்க!"

கழன்றது. மறுபடி மாட்டச் சொன்னாள். இந்தத் தடவை சொல்லாமலே பக்கவாட்டில் தள்ளினாள். அதற்கடுத்து ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றிவிட்டு அமுக்கினாள். என் முழங்கால் சிராய்ந்தது, அவள் கொண்டை அவிழ்ந்தது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தலையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் கயிறு நழுவி விழுவதை அவள் குனிந்து பார்த்தாள். எங்கே சிக்கும், எங்கே சிக்காது என்று தேடித் தேடி இழுத்தாள். கடைசியில் மூச்சு வாங்க நின்றாள்.

தன் கைப்பையிலிருந்து தூரிகையையும், வரும் வழியில் கடையில் வாங்கிய சின்ன பெயிண்ட் டப்பாவையும் எடுத்தாள். என் முன்னால் மண்டியிட்டு, வாய் திறந்த அந்தக் கொக்கியின் முதுகில் ஒரு மஞ்சள் பட்டை அடித்தாள்.

"காயற வரைக்கும் தொடாதீங்க" என்றாள்.