முறை மச்சான் கிடாய்

மறி என்கிற பெண் ஆடுகள் பதினொன்று, ஒரு கிடாய், ஒரு பெட்டை நாய், நாங்கள் இருவர். எங்கள் பண்ணையின் குடித்தொகை இவ்வளவுதான். மொன்றியல் தீவை விட்டுப் பாலம் கடந்து நாற்பது நிமிடம் போக வேண்டும். நான் அங்கிருந்து தினமும் புவாண்ட்-கிளேருக்குப் போய் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டிவிட்டு வருகிறேன். மனைவி டொலார்டில் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கிறாள். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து நகரத்தில் இருக்கிறார்கள். ஆட்டு மணம் ஒத்துவராதாம்.

போர்க்லிப்டில் இருக்கும் நேரமெல்லாம், ஆடு வேலிக்குள் தலையைக் கொடுத்திருக்குமோ, நாய் எதையாவது விழுங்கியிருக்குமோ என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் நின்ற இடத்தில் நின்று மென்றுகொண்டிருக்கும். அது இன்னும் பயம். ஏன் இவ்வளவு அமைதி?

அந்த நவம்பரில் ஒரு கவலை மற்றவற்றையெல்லாம் முந்திக்கொண்டு நின்றது. எங்கள் நாய்க்கு நாலரை வயது. ஆடு மேய்க்கிற கோலி இனம், பொறுமைசாலி. இடுப்பு எக்ஸ்ரே, கண் சோதனை எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். நான் என் வாழ்க்கையில் அத்தனை சோதனைகளில் தேறியதில்லை. ஒரேயொரு தடவை குட்டி போட விடுவது, குட்டிகளை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். முதல் பிரசவத்துக்கு இதற்கு மேல் பிந்தக் கூடாது, இந்த முறை தவறினால் விட்டுவிடுங்கள் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அவள் பருவத்துக்கு வர இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

நான்கு வீடுகளை நானே நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்தெடுத்து வைத்திருந்தேன். கோயிலில் கண்டு கேட்ட ஒருவருக்கு, அவருடைய பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் குட்டி புகுந்து விழுந்துவிடும் என்று மறுத்தேன். அவர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

பொருத்தமான ஆண் நாய் எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரி மூன்று பண்ணை தள்ளி இருக்கும் மடாம். எழுபது வயது இருக்கும். ஆடும் நாயுமாகவே வாழ்ந்தவர். நாங்கள் போய்க் கேட்டபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மனைவிக்குக் கார்டெரியில் பழகிய நல்ல பிரெஞ்சு. எனக்குக் களஞ்சியத்துப் பிரெஞ்சு. அதில் பாதி வசவு.

"சனிக்கிழமை வந்து எங்கட ஆடுகளையும் ஆட்டுக் கொப்பியையும் பாப்பாவாம், மச்சான்," என்றாள் மனைவி. என் சொந்த மாமாவின் மகள் அவள். சின்ன வயதில் கூப்பிட்ட மச்சானை இன்னும் விடவில்லை.

"நாய் கேட்டா ஆட்டுக் கொப்பி எதுக்கு?"

"ஆட்டை ஏனோதானோ எண்டு பெருக்கிற ஆள் நாயையும் அப்பிடித்தான் பெருக்குமாம்."

கொப்பி என்றால், எந்த ஆடு எதற்குப் பிறந்தது, எதோடு சேர்ந்தது என்று நான் எழுதி வைக்கும் குறிப்பேடு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொப்பியை யாராவது கேட்டால் இப்போதும் கை வியர்க்கும். ஆனாலும் அந்த வருடம் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கிடாய்ப் பக்கம்.

எங்கள் பழைய கிடாயின் மகள்கள் மூன்று வளர்ந்துவிட்டன. காதுத் தகட்டில் 14, 17, 22. தகப்பனை மகள்களோடு விட முடியாது. அதனால் அவனை இன்னொரு பண்ணைக்கு அனுப்பிவிட்டு, அவனை எங்கே வாங்கினேனோ அதே இடத்துக்குப் புதிய கிடாய் பார்க்கப் போனேன். அங்கே இரண்டு நின்றன. முதலாவது, பழையவனுடைய தம்பியின் மகன். பார்க்க இராசா மாதிரி. ஆனால் சித்தப்பா மகன் என்றால் என் மறிகளுக்குச் சகோதர முறை. நினைக்கவே கூசியது. மற்றது, பழையவனோடு இரட்டையாகப் பிறந்த மறியின் மகன். அதாவது மாமி மகன். முறை மச்சான், உரிமைக்காரன். பண்ணைக்காரர் முதலாவதைத்தான் காட்டிக் காட்டிப் புகழ்ந்தார். "நோ, நோ, பிரதர்," என்று தலையாட்டி மறுத்துவிட்டேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படிக் கவனமான ஆளை அவர் கண்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிடாயை மந்தைக்குள் விட்டு ஐந்தாம் நாள் மடாம் வந்தார். ஆடுகளின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். உதட்டை விரித்துப் பல்லைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே "ம்". பிறகு குசினிக்குள் வந்து மேசையில் அமர்ந்து கொப்பியை விரித்தார். என் எழுத்து தமிழ் என்பதால் மனைவி வாசித்து வாசித்துச் சொன்னாள். கிடாய்ப் பக்கம் வந்ததும் நான் நிமிர்ந்து இருந்தேன்.

மடாம் கையை உயர்த்தி நிறுத்தினார். திரும்ப வாசிக்கச் சொன்னார். பென்சிலை எடுத்து என் கொப்பியின் ஓரத்தில் வட்டங்களும் கோடுகளும் கீறினார். கோடுகள் மேலே போய் ஓரிடத்தில் முட்டின. மனைவியின் முகம் மாறியது.

"மச்சான், மச்சானும் மச்சாளும் கூடாதாம்."

"எந்த மச்சான்?"

"கிடாய் மச்சான்."

"ஏனாம்?"

"ரெண்டுக்கும் தாத்தாவும் பாட்டியும் ஒரே ஆக்களாம். ரத்தம் கிட்டவாம்."

"ஒரே ஆக்கள்தானே. அதாலதானே அது முறை."

"இதை நான் பிரெஞ்சில என்னெண்டு சொல்லுறது?"

ஆனால் சொன்னாள். எனக்குத் தேவையில்லாததையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மடாமின் பார்வை அவளிலிருந்து என்னிடம் வந்து, திரும்ப அவளிடம் போனது. பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கிறா?"

"எங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு. ரெண்டு, சுகமா இருக்கினம் எண்டன்."

"ரெண்டு பேரும் கண்ணாடி போட்டிருக்கினமே," என்றேன். அந்த நிமிடம் வரை நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

"வாயை மூடுங்கோ மச்சான். அவவும் கண்ணாடிதான் போட்டிருக்கிறா."

மடாம் அதற்குள் எழுந்து சப்பாத்தை மாட்டிவிட்டார். எத்தனை மறி நிறம் பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கிடாயின் நெஞ்சில் ஒரு வார் கட்டி, அதில் சவர்க்காரக் கட்டி போல ஒரு நீலச் சாயக் கட்டி வைத்திருந்தோம். அவன் எந்த மறியில் ஏறினாலும் அதன் பின்புறம் நீலமாகிவிடும்.

வயலுக்கு நடந்தோம். மடாமின் நாய் இனிக் கிடைக்காது என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. நான்கு வீட்டுக்கும் என்ன சொல்வது? பால்கனிக்காரர் கேள்விப்பட்டால் எவ்வளவு சிரிப்பார்?

வாசலில் நின்று விசிலடித்தேன். பயத்தில் உதடு காய்ந்து காற்று மட்டும் வந்தது. ஆனாலும் எங்கள் பெட்டைக்கு விளங்கிவிட்டது. குனிந்து, வேலியோரமாகச் சுற்றிப் போய், ஒரு குரைப்பும் இல்லாமல், ஓர் ஆட்டையும் ஓட வைக்காமல், பன்னிரண்டையும் மூலைக்குக் கொண்டுவந்து நிறுத்திப் படுத்தாள். மடாம் ஆடுகளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

14, சுத்தம். 17, சுத்தம். 22, வாலடியிலிருந்து இடுப்பு வரை நீலம். ஒரு தரம் பட்ட நீலம் இல்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி. பக்கத்தில் கிடாய், நீல நெஞ்சோடு அசை போட்டுக்கொண்டு நின்றது.

"அவருக்கு முறை தெரிஞ்சிருக்கு," என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 14ஐயும் 17ஐயும் பிடித்து வேறு அடைப்புக்குள் விட்டேன். மடாம் என்னிடம் நேராகவே கேட்டார், இனி என்ன செய்வாய் என்று. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "மா ஃபோட்" என்றேன், என் பிழை. மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். 22இன் குட்டிகளை இனப்பெருக்கத்துக்கு வைக்க மாட்டேன், கிடாயை அடுத்த வருடம் மாற்றுவேன், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவேன்.

இப்போதே எழுது என்றார். மனைவி கையோடு கொண்டுவந்திருந்த கொப்பியை வேலிக் கட்டையில் வைத்து எழுதினேன். மனைவி வாசித்துக் காட்டினாள்: "22, மச்சானோடு. எனக்குத் தெரியாமல் செய்த பிழை. 14உம் 17உம் தப்பின."

மடாம் கொப்பியை மூடினார். பிறகு மனைவியிடம் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

"முதல் தரம் மச்சான் மச்சாள் எண்டா உலகம் அழியாதாம். ஆனா சின்ன மந்தையில இப்பிடித் துடங்கினா, பேந்து எல்லாரும் எல்லாருக்கும் மச்சானாம். அவ பாத்த கொப்பியள்ல பிழை எழுதின கொப்பி இது ஒண்டுதானாம். நாயின்ர எக்ஸ்ரேயைக் கொண்டு வரட்டாம்."

மூன்று கிழமையில் மடாமின் நாய் வந்தது. அதற்கு முன், இரண்டு நாய்களின் ஆறு தலைமுறையையும் மேசை முழுக்க விரித்து, ஒரு கோடும் எங்கும் முட்டவில்லை என்று நான் மூன்று தரம் விரலால் ஓடிப் பார்த்தேன். மனைவி தேத்தண்ணியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட கலியாணத்துக்கு ஆராவது இவ்வளவு பாத்திருந்தா நான் தப்பியிருப்பன்."

தை மாதக் கடைசியில் ஆறு குட்டிகள். நான்கு, நான் பார்த்து வைத்த வீடுகளுக்குப் போயின. ஒன்றை மடாம் தானே எடுத்துக்கொண்டார். ஒன்று எங்களோடு நிற்கிறது. பால்கனிக்காரர் ஆளனுப்பிக் கேட்டார். நான் கம்பியின் இடைவெளி எவ்வளவு என்று கேட்டனுப்பினேன்.

ஏப்ரலில் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும்போது 22 ஈன்றது. இரட்டை. நான் வைக்கோலில் முழங்காலிட்டு எண்ணினேன். எட்டுக் கால், நான்கு காது, இரண்டு வால். திரும்பவும் எண்ணினேன். கார் சாவியோடு வாசலில் நின்ற மனைவி, "கண்ணாடி வேண்டி வருமோ எண்டும் பாருங்கோ, மச்சான்," என்றாள்.

குட்டிகளின் முகத்துக்கு முன்னால் விரலை இடமும் வலமும் ஆட்டினேன். ஒன்று விரலோடு தலையைத் திருப்பியது. மற்றது திருப்பவில்லை. அன்று நான் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான் போனேன்.