கருப்பசாமிக்கு ஒரு டிக்கெட்

திருமங்கலத்துக்கு மேற்கே நாற்பது வருடம் அடுத்தவர் காட்டில் களை எடுத்த தங்கப்பொண்ணு, ஐம்பத்தைந்து வயதில் ஒரு ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரியானாள். அன்றிலிருந்து அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. பழைய முதலாளி முத்திருளன் வரப்பில் வந்தால், "செருப்பக் கழட்டிட்டு நடங்க, இது என் காடு" என்பாள். அவர் காதில் வாங்காமல் போவார்.

மத்திய அரசு வேளாண் துறை நாடு முழுக்க மண்ணைச் சோதித்து அட்டை கொடுக்கிறதே, அதற்காக ஆபீஸர் சரண்யாதேவி ஊருக்கு வந்தார். அவரவர் காட்டில் அரைக்கிலோ மண் எடுத்துத் தரச் சொன்னார். தங்கப்பொண்ணுக்குத் திக்கென்றது. எங்கள் பக்கம் கோயிலில் பிடிமண் எடுத்து வேற்றூருக்குக் கொண்டுபோனால் சாமியும் கூடவே கிளம்பிவிடும். காட்டு மண்ணைக் கொடுத்தால் காவல் நிற்கும் கருப்பசாமியும் டெல்லிக்குப் போய்விடாதா? கெட்டிக்காரி, மாட்டுத்தொழுவத்துக் குப்பைக்கிடங்கில் மக்கிய சாணி எருவை அள்ளிச் சலித்துக் கொடுத்துவிட்டாள்.

அட்டை வந்தது. சத்தெல்லாம் மிக அதிகம், உரமே வேண்டாம் என்றிருந்தது. சர்க்காரே சொல்லிவிட்டதென்று அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். காட்டுக்கு ஒரு கூடை குப்பைகூடப் போடவில்லை. சொந்த மண்ணில் முதல் பருத்தி, காமாலை கண்டதுபோல் மஞ்சளாய் நின்றது.

முத்திருளன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "களைக்கு ஆள் வேணும். வாரியா?"

அன்று தங்கப்பொண்ணு அழுதாள். பிறகு ஆபீசுக்குப் போய்க் கத்தினாள். சரண்யாதேவி காட்டுக்கு வந்து பயிரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். மண்ணை எங்கே எடுத்தாள் என்று கேட்டார். ஊர் வாயையே அடைக்கிறவள், கருப்பசாமி போய்விடுவாரென்ற பயத்தையும் சேர்த்து முணுமுணுத்து ஒப்புக்கொண்டாள்.

சரண்யாதேவி சிரிக்கவில்லை. "காட்டு மண்ண நீங்களே மடியில கட்டிக்கிட்டு வாங்கம்மா. சோதிச்சது போக மிச்சத்தத் திருப்பித் தந்துர்றேன்."

தங்கப்பொண்ணு சோதனைக்கூட வாசலைவிட்டு நகரவில்லை. எல்லாச் சத்தும் குறைவு என்றார்கள். கொஞ்சம் யூரியாவும், கிடங்குக் குப்பை மொத்தத்தையும் போடச் சொன்னார்கள். மிச்ச மண்ணோடு பஸ் ஏறியவள், பெண்களுக்கு இலவசமான அந்த வண்டியில் ஒரு டிக்கெட் கேட்டாள். யாருக்கு என்றார் கண்டக்டர்.

"மடியில சாமி இருக்கு. அவரு ஆம்பளயில்ல?"

மூன்றாம் வாரம் பருத்தி பச்சை கட்டியது. எம்புட்டுக் குப்பை போட்டாள் என்று விசாரிக்க முத்திருளன் வந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.