இருட்டுத் திரை

என் மகளுக்குப் பார்வை கிடையாது. போன் வாசித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் படிப்பாள். திரையை இருட்டாகவே வைத்திருப்பாள்.

வேடசந்தூரில் ஒரு தொண்டு நிறுவனம் கல்லூரி உதவித்தொகை அறிவிப்பை இணையதளத்தில் போட்டோவாக மட்டும் போட்டிருந்தது. அவள் போன் "படம்" என்று மட்டுமே சொன்னது. விஷயம் தெரியவந்தபோது விண்ணப்பிக்கக் கடைசி நாள் கடந்துவிட்டது.

நியாயம் கேட்கப் போனோம். "கண்ணு தெரியாத பிள்ளைக்கு வெப்சைட் எதுக்கு பாய்?" என்றார் செயலாளர்.

மகளின் போனைப் பிடுங்கி அவர் கையில் திணித்தேன். "இப்ப உங்க அறிவிப்ப நீங்களே படிங்க."

இருட்டுத் திரையை அவர் தடவத் தடவ, "படம், படம்" என்றது போன். அவருக்கு வியர்த்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"நான் தினமும் இப்படித்தான் தடவுறேன், அத்தா," என்றாள் மகள். "அம்புட்டு சிரிப்பா வருதா?"

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் போன் "படம்" என்னும்போதெல்லாம் என் சிரிப்புதான் எனக்குக் கேட்கிறது.