ஈரத்துக்கு வரும் பூச்சி

கேட்டைத் திறந்ததும் கந்தம்மாள் உள்ளே போவதில்லை. வாசலில் நின்றபடியே மூங்கில் குச்சியால் புல்லின் ஓரத்தைத் தட்டுகிறார். காத்திருக்கிறார். பிறகு குழாயடியைத் தட்டுகிறார், பூந்தொட்டிகளின் இடுக்கில் குச்சியை விட்டு ஆட்டுகிறார். அதன் பிறகுதான் கால் உள்ளே வரும். காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் முதலில் கேட்கும் சத்தம் இதுதான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலையடிவாரத்துப் புது வீடுகள் ஐந்துக்கு அவர்தான் தோட்ட வேலை. ஐம்பத்திரண்டு வயது. சங்ககிரிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், காலில் ரப்பர் ஷூ. பாம்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. 'பூச்சி' என்பார், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். சித்திரை பிறந்தால் மலையில் ஈரம் இருக்காது. எங்கள் புல்வெளிகளில் மட்டும்தான் இருக்கும், தவளைகளும் அங்கேதான். "ஈரத்துக்குத் தவக்கா வருமுங்க. அதுக்குப் பொறத்தால பூச்சியும் வருமுங்க. நாமதானுங்களே தண்ணி உட்டுக் கூப்புடறோம்."

ஆனால் வேலை தெரிந்தவர். கோடையில் தினமும் மேலாகத் தெளிப்பதை ஒப்பமாட்டார். வாரத்துக்கு இரண்டு முறை, வெயில் ஏறுமுன், மண்ணில் அரைச்சாண் இறங்கும்வரை விடுவார். "மேலாப்புல நனச்சா வேரு சோம்பேறி ஆயிருமுங்க." புல்லை ஒட்ட வெட்டினால் வெயில் வேரைச் சுட்டுவிடும், மூன்று விரற்கடை உயரமாவது நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த உயரத்தில் பூச்சி கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய பயம்.

போன கோடையில் எதிர்வீட்டு ஜெகதீஸ்வரனிடம் இரண்டு முறை கேட்டார். அவர் லாரி ஆபீஸ் நடத்தி ஓய்ந்தவர். "ஏனுங்க, ஒட்ட வெட்டிரட்டுங்களா?"

"வெட்டுனா கருகிப்போயிருமுன்னு நீதானே சொன்னே, கந்தம்மா?"

சொன்னது அவர்தான். புல்வெட்டும் மெஷினைத் திருப்பி வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. நான் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே கந்தம்மாள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரனின் பேத்தி இலக்கியா, மூன்று வயது, வெறுங்காலோடு படியிறங்கிப் புல்லில் அவரை நோக்கி ஓடி வந்தாள். இருவருக்கும் நடுவே ஓஸ் வளைந்து கிடந்தது. அந்த வளைவுக்குள் இன்னொரு வளைவு. குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சீறல். மாடிவரை கேட்டது. 

கந்தம்மாள் கத்தவில்லை. கத்தினால் குழந்தை அவரிடம்தான் ஓடிவரும். "சாமி, அங்கயே நில்லு. கண்ணாமூச்சி ஆடலாம். கண்ணப் பொத்திக்கிட்டு எண்ணு, நா வந்து புடிக்கறேன்."

இலக்கியா சிரித்துக்கொண்டே நின்று கண்ணைப் பொத்தினாள். அவளுக்கு ஐந்து வரைதான் எண்ணத் தெரியும். கந்தம்மாள் சுவரோரமாக, பாதத்தைத் தேய்க்காமல் எடுத்தெடுத்து வைத்துச் சுற்றி வந்தார். பாதி வழியிலேயே அஞ்சு வந்துவிட்டது. விரல்கள் விலகின.

"இன்னொருக்கா, சாமி. இன்னுஞ் சத்தமா."

இரண்டாம் முறை மூன்று என்றபோது பின்னாலிருந்து அவளை அள்ளிக்கொண்டு படியேறினார். குழந்தையைத் தாத்தாவின் கையில் கொடுத்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடித்தது கண்ணாடி விரியன்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். மூன்றாம் நாள் காலையில் குச்சிச் சத்தம் கேட்டபோது நான் இறங்கிப் போய், "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. ராவெல்லாம் அந்தச் சத்தமேதான். எம்பட கையிதானுங்களே அந்தப் புல்ல வளத்துச்சு?" என்றவர், குழாயடியைத் தட்டிக்கொண்டே, "வேற எங்க போறதுங்க, எல்லா ஊட்லயும் புல்லுதான்" என்றார்.

அன்றைக்கே ஜெகதீஸ்வரன், "எல்லாத்தையும் ஒட்ட வெட்டிரு, கந்தம்மா" என்று சொல்லிவிட்டார். வெட்டிய இடமெல்லாம் திட்டுத்திட்டாக மஞ்சளித்துப்போனது. மழை வந்தும் முழுசாகத் தேறவில்லை.

போன வாரம் என் துண்டு ஒன்று காற்றில் பறந்து அந்தப் புல்வெளியின் நடுவில் விழுந்தது. எடுக்க அப்படியே வெறுங்காலோடு போனேன். கந்தம்மாள் சிமெண்டுப் பாதையில் நின்றிருந்தார். நான் புல்லில் வைக்கக் காலைத் தூக்கியதும், தன் இரண்டு ரப்பர் ஷூக்களையும் கழற்றி என் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, கொதிக்கும் சிமெண்டில் வெறுங்காலோடு, புல்லைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார்.